பவானியிடம் வாங்கிய மன்னிப்புக் கடிதம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதல் ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையில் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பயிற்சிக் கூடத்தின் பூட்டில் சாவியை நுழைக்கும்போது செல்போன் அதிர்ந்தது. வீடியோ ஒன்று வந்திருந்தது. அதில் நான் முதலில் பார்த்தது ஒரு சிறுவனின் காதுகளை. இடது கை வலது காதையும் வலது கை இடது காதையும் பிடித்திருந்தன. ஏழு வயது இருக்கும். உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். வகுப்பு முழுவதும் சிரித்தபடி ஆங்கிலத்தில் எண்ணியது. பத்து வந்ததும் கைதட்டியது. கரும்பலகைக்குப் பக்கத்தில், நாங்கள் வெளிநாட்டுப் பள்ளிக்கு அனுப்பியிருந்த பவானி நின்றிருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடியோவுக்குக் கீழே இரண்டு சொற்கள்: "பேசணும் மேடம்."

நான் உட்கார்ந்த மேசையில் இப்போது நீங்கள் உட்காரப் போகிறீர்கள். விசா, காப்பீடு, தடுப்பூசி, பிள்ளைகள் தங்கும் வீட்டுக்காரர்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் அங்கே கோப்புகள் இருக்கின்றன. படித்தால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். பவானியின் விஷயம் எந்தக் கோப்பிலும் முழுதாக இல்லை. அதனால் அதை எழுதுகிறேன்.

வெளியாட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. எங்கள் தொழிற்சாலையின் முதலாளிகள் ஸ்பெயின்காரர்கள். அங்கிருந்து வரும் பொறியாளர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. இங்கே இயந்திரத்தில் நிற்பவர்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்க ஆள் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வருடமும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து பெரு நாட்டுக்கு அனுப்பினோம். ஸ்பெயினில் செலவு கட்டுப்படியாகாது. பெருவில் ஒரு கடலோர ஊரின் பள்ளி எங்கள் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது. ஒரு பள்ளி ஆண்டு முழுக்க அங்கே ஆங்கில வகுப்புக்கு உதவ வேண்டும், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வேண்டும், ஸ்பானிஷ் கற்க வேண்டும். பணியை முடித்ததற்குப் பள்ளி தரும் சான்றிதழோடு திரும்பினால் மொழிபெயர்ப்பாளர் வேலை. சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை இல்லை.

நான் அதற்கு முன்பு ஒரு நாளிதழுக்கு இந்த வட்டாரச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தேன். தட்டுத் தடுமாறித்தான் பேசுவேன்.

பவானி பழவேற்காடு ஏரிக் குப்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். பொன்னேரியில் பி.ஏ. ஆங்கிலம். நேர்முகத் தேர்வுக்குத் தன் அப்பாவோடு வந்தாள். "கடல் தாண்டிப் போகணும், பயமில்லியா?" என்று எங்கள் மேனேஜர் கேட்டதற்கு அவள் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "தண்ணி நடுவுல பொறந்த பொண்ணு சார் அது. பஸ்ல ஏறினாத்தான் வாந்தி எடுக்கும்." அவள், "நைனா, நீ சும்மா இரு," என்று முழங்கையால் இடித்தாள். பெருவுக்குப் போன ஐந்தாவது மாதத்தில் என் ஸ்பானிஷைத் திருத்தும் அளவுக்கு வந்துவிட்டாள்.

இனி எங்கள் பெர்சனல் மேனேஜர், பணியாளர் விவகாரங்களைப் பார்ப்பவர். பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பாதி அவரிடமிருந்து வந்தது. கூச்சலோடு வரும் ஆளைச் சிரிக்க வைத்து அனுப்பத் தெரிந்தவர். ஒருமுறை பள்ளிப்பட்டிலிருந்து ஒரு விவசாயி இரண்டு உறவினர்களோடு தொழிற்சாலை கேட்டுக்கு வந்து நின்றார். நாங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு படத்தில் பெருவின் ஆசிரியை ஒருவர் அவருடைய மகனின் கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தார். பையனுக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம்.

"இன்னா சார் இது? பொண்ணு ஊட்டுக்காரங்க போன் மேல போன் போட்றாங்கோ."

"யோவ், அது வணக்கம்யா. நாம கைய கூப்பறோம், அவுங்கோ கன்னத்த நீட்றாங்கோ. உம்புள்ள நீட்லன்னு வையி, மரியாத தெரியாத குடும்பம்னு உன்னியத்தான் பேசுவாங்கோ."

"அப்போ தெனிக்கும் கீதா?"

"இஸ்கோல் இருக்கற நாள்ல எல்லாம் கீது."

"ஞாயித்துக்கெயம?"

"லீவு."

உறவினர்களில் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் டீ குடித்தார்கள். கல்யாணம் நடந்தது.

அவருடைய இன்னொரு திறமை கடிதம் வாங்குவது. தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார். யார் ஆரம்பித்தது என்பது இருவருக்கும் தெரியும், கேன்டீனுக்கும் தெரியும். அதை விசாரிக்கப் போனால் சங்கம் வரும், வேலை நிற்கும். மேனேஜர் ஓட்டுநரைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நடந்த சம்பவத்துக்கு நானே முழுப் பொறுப்பு. இனி இதுபோல் நடக்காது. மன்னித்து மீண்டும் பணி செய்ய அனுமதிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார். தாள் இழுப்பறைக்குள் போனது. அரை மணி நேரத்தில் அவர் வண்டியில் இருந்தார். சூப்பர்வைசர் அவருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்ததை நானே பார்த்தேன்.

அந்தத் தாளில் இருப்பது உண்மையா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கல்லூரியிலும் அப்படித்தான். எழுதிக் கொடுப்பது தலை குனிவதற்கு அடையாளம். தலை குனிந்தவனை மேலே அடிக்கக் கூடாது என்பது எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். இந்த ஏற்பாட்டைக் கேலி செய்ய நான் இதைச் சொல்லவில்லை. பல வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தத் தாள்களால்தான்.

நான் பவானியை அழைத்தேன். அங்கே முந்தின நாள் இரவு ஏழே முக்கால். அவள் தங்கியிருந்த வீட்டின் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் துணிகள் காய்ந்தன.

"மேடம், நான் ஒண்ணுமே பண்ல. அவனா வந்து போட்டான்."

"மொதல்லேருந்து சொல்லு."

சொன்னாள். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் காலையில் தூங்கி வழிகிறார்கள் என்று பவானி அவர்களுக்குத் தோப்புக்கரணம் போடக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். ஒன்றிலிருந்து பத்து வரை ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே போட வேண்டும். குழந்தைகளுக்குப் பிடித்துப்போய்விட்டது. இது எதற்கு என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் யானைத்தலைச் சாமிக்கு முன்னால் போடுவோம், தப்பு செய்தாலும் போடுவோம் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மாத்தேயோ என்ற பையன் ஒரு சிறுமியின் வண்ணப் பென்சில்களை உடைத்துவிட்டான். சிறுமி அழுதாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் அவனே அவள் முன்னால் போய் நின்று காதைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் எண்ணினார்கள். சிறுமியும் எண்ணினாள். வேறொரு குழந்தையின் தாய் சன்னலுக்கு வெளியிலிருந்து அதைப் படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். மாத்தேயோவின் அப்பா பார்த்தது அதைத்தான்: தன் மகன் வகுப்பின் நடுவே காதைப் பிடித்துக் குந்துகிறான், வெளிநாட்டு மிஸ் சிரிக்கிறாள்.

"ஹெச்.எம். இன்னா சொன்னாங்க?"

"நாளிக்கு காலைல எட்டு மணிக்கு மீட்டிங்காம். அவுங்கப்பா வராரு. நடந்தத நீயே சொல்லு, பயப்படாதன்னு சொன்னாங்க. நான் சொல்லிடுவேன் மேடம். எனக்கு சொல்ல வரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவளுக்குச் சொல்ல வரும். அதற்குத்தான் அவளை அனுப்பியிருந்தோம்.

எட்டு மணிக்கு மேனேஜர் வந்தார். "இன்னா ரிப்போர்ட்டரம்மா, மூஞ்சி இப்டி கீது? நாஷ்டா ஆச்சா இல்லியா?" வீடியோவைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். முதல் முறை சிரித்தார். இரண்டாவது முறை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இந்தச் சிரிப்புதான் பேஜாரு. இத்த வெச்சிக்கினு அவன் ஊரையே கூட்டுவான். கம்பெனி பேரு வரும். அந்தப் பொண்ண மூட்ட கட்டி அனுப்பிடுவாங்கோ."

"ஹெச்.எம். அவ சொல்றத கேக்கத் தயாராத்தான் இருக்காங்க சார்."

"கேப்பாங்கம்மா. புள்ளயப் பெத்தவன் கேப்பானா? கோவத்துல வர்றவன்கிட்ட வெளக்கம் குடுத்தா எதுத்துப் பேசறான்னுதான் எடுத்துப்பான். மொதல்ல காத்த எறக்கணும். போனப் போடு."

அவர் சொன்னது தவறென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பதினெட்டு வருடம் கோபத்தோடு வந்தவர்களைப் பார்த்தவர். நான் போனை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"பவானி, நான் பேசறேன்மா. துன்னியா?"

"துன்னுட்டேன் சார்."

"இன்னா துன்ன?"

"இங்க இன்னா சார், உருளக்கெழங்குதான்."

"சரி, கேளு. காலைல மீட்டிங்குக்கு மின்னாடியே ஒரு லெட்டர் குட்த்துடு. நடந்த சம்பவத்துக்கு நானே முழுப் பொறுப்பு, இனி இதுபோல் நடக்காது, மன்னிச்சிடுங்க. அவ்ளோதான். கத முடிஞ்சிது."

 எங்கோ நாய் குரைப்பது அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"சார், நான் எதுக்கு சார் மன்னிப்பு? அவன் நல்லதுதான சார் பண்ணான்?"

"யாரும்மா இல்லன்னாங்க? இது மரியாதைக்கு."

"போய் சொல்லிடறேன் சார். அவுங்கப்பா கையில பேசிட்டா அவரு புரிஞ்சிப்பாரு. நல்ல மனுசன் சார், எங்க ஊரு ஆளுங்க மாரி மீன் புடிக்கறவருதான்."

"ஏம்மா, உங்க நைனா கம்பெனி கம்பெனியா கேட்ல நின்னு வேல கேட்டு உன்னிய படிக்க வெச்சாரு. இன்னும் மூணு மாசம் கீது. இப்போ ரோஷம் பாத்துக்கினு அல்லாத்தையும் வுட்டுட்டு வரப்போறியா? ஒரு தாளும்மா. யாரு படிக்கப் போறாங்கோ?"

அவள் என்னை அழைத்தாள். "மேடம், நீங்க சொல்லுங்க."

செய்தி எழுதும்போது ஒரு பழக்கம் உண்டு. ஒரு தகவல் வந்தால், இதை யார் சொன்னார், யாரிடம் போகிறது என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவோம். கடிதம் யாரிடமிருந்து போகிறது என்பதை மட்டும் நாங்கள் பேசினோம். அது போய்ச் சேரும் இடத்தில் ஒரு மன்னிப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பார்கள் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. "சார் சொல்றபடி செய்ம்மா," என்றேன்.

அவள் எழுதினாள். மேனேஜர் தமிழில் சொன்ன மூன்று வாக்கியங்களையும் ஸ்பானிஷில் எழுதி எனக்கு அனுப்பினாள். திருத்த ஒன்றுமில்லை. அவளுக்கு அங்கே இரவு பத்து மணி ஆகியிருந்தது. தலைமை ஆசிரியைக்கு அப்போதே மின்னஞ்சலில் போனது.

எங்களுக்கு மாலை ஆறரை மணிக்குக் கூட்டம் தொடங்கியது. கணினித் திரையில் தலைமை ஆசிரியை, மாத்தேயோவின் அப்பா, ஓரத்தில் பவானி. அப்பா தொப்பியை மடியில் வைத்திருந்தார். கோபமாகத் தெரியவில்லை. பேச்சு தொடங்குவதற்கு முன் அவர் பவானியிடம் ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், அவர் தலையாட்டினார். பிறகு தலைமை ஆசிரியை கடிதத்தைப் படித்தார். உரக்கத்தான் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அவர் சொன்னதை மேனேஜருக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்: "இவங்க சொல்றாங்க, நான் விளக்கம் வரும்னு காத்திருந்தேன். இப்போ கேக்கறதுக்கு எங்கிட்ட கேள்வியே இல்ல. ஒரு குழந்தைய எல்லார் முன்னாடியும் தண்டிச்சத ஒத்துக்கிட்டு, இனிமே செய்ய மாட்டேன்னு எழுத்துல கொடுத்தவங்கள வகுப்புல வைக்க எங்க பள்ளி விதி விடாது."

பவானி குறுக்கிட்டு வேகமாகப் பேசினாள். மாத்தேயோ தானாகச் செய்தது, பென்சில், அந்தச் சிறுமி, எல்லாம் சொன்னாள். அப்பா முன்னால் சாய்ந்து கேட்டார். வீட்டில் மகனும் அதையேதான் சொன்னான், ஆனால் மிஸ்ஸைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன் என்றார். கடிதத்தில் எழுதியிருப்பது வேறாக இருக்கிறதே என்றார் தலைமை ஆசிரியை.

மேனேஜர் என் முழங்கையைத் தொட்டார். "ரிப்போர்ட்டரம்மா, சொல்லுங்கோ. அந்த லெட்டரு சும்மா. நாங்கோதான் எய்தச் சொன்னோம். எங்க ஊர்ல அது பெரியவங்களுக்குக் குடுக்கற மரியாத. தப்பு பண்ணான்னு அர்த்தமில்ல."

நான் சொன்னேன். 'சும்மா' என்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலைமை ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேட்டார்: "அப்படியானால் இந்தப் பெண் தான் செய்யாததைச் செய்ததாக எனக்குப் பொய் எழுதினாளா?"

இதை மேனேஜருக்கு மொழிபெயர்த்தேன்.  ஆமென்றால் அவள் பொய் எழுதியவள். இல்லையென்றால் குழந்தையைத் தண்டித்தவள். இரண்டில் எதுவானாலும் அந்தப் பள்ளியில் அவளுக்கு இடமில்லை. மூன்றாவதாக ஒரு பதில் எங்களுக்கு இருந்தது. அது நம் ஊரில் மட்டும்தான் செல்லும்.

பள்ளிப்பட்டு விவசாயிக்குப் பெரு மக்களின் வழக்கத்தை அழகாகப் புரிய வைத்தவர்தான் அவர். நம் வழக்கத்தை அவர்களுக்குப் புரிய வைக்கும் வேலை வந்தபோது, அதைச் செய்யக்கூடிய ஒரே ஆளின் வாயை நாங்கள் மூன்று வாக்கியங்களால் அடைத்துவிட்டோம். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை "எனக்குச் சொல்ல வரும்" என்றால், சொல்ல விடுங்கள். அங்கே நிற்பது அவள். நீங்கள் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறீர்கள்.

பவானி அடுத்த வாரம் திரும்பினாள். விமான நிலையத்துக்கு அவளுடைய அம்மாவும் அப்பாவும் எங்கள் வண்டியிலேயே வந்தார்கள். வண்டி மீஞ்சூரைத் தாண்டியது. அம்மா கேட்டார்:

"எம்பொண்ணு அந்தப் புள்ளிய அடிச்சிச்சா மேடம்?"

"இல்லம்மா."

"திட்டிச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு எய்திக் குட்த்துச்சி?"

அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பினார். "ஏய், சும்மா வா. அவங்க மட்டும் வேணும்னேவா செஞ்சாங்கோ?" 

பவானி வெளியே வந்தபோது இளைத்திருந்தாள். கையில் குழந்தைகள் வரைந்த படங்களின் சுருள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம், "எப்டி கீறீங்க மேடம்?" என்றாள். மேனேஜரைப் பற்றிக் கேட்டாள். அவர் வரவில்லை என்றேன். "அவரு மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லுங்க மேடம். அவரு அவருக்குத் தெரிஞ்சதத்தான் செஞ்சாரு," என்றாள். பிறகு வண்டியில் ஏறி, வழி முழுக்கத் தூங்கினாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் அவளுக்காக இயக்குநரிடம் போனார். நானும் கூடப் போனேன். சான்றிதழ் இல்லாமல் வேலை கொடுக்க வழியில்லை என்றார் இயக்குநர். மேனேஜர் நின்றபடியே சொன்னார்: "சார், அந்த லெட்டர எய்தச் சொன்னது நான். தப்பு என்னுதுன்னு நான் எய்திக் குடுக்கறேன். அத்த வெச்சிக்கினு அந்தப் பொண்ணுக்கு வேலய குடுங்கோ."

 "உங்க கடிதத்த வச்சு நான் என்ன சார் பண்றது?" என்றார் இயக்குநர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

பெரு பள்ளிக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டோம். விதி விதிதான் என்று பதில் வந்தது. அவள் வகுப்பில் நன்றாக வேலை செய்தாள் என்று தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அது சான்றிதழ் ஆகாது.

பவானியின் அப்பா ஒருமுறை கேட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "வேல இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்கோ மேடம். அது தெனம் போனயே பாத்துக்கினு உக்காந்துனு கீது," என்றார். இல்லை என்று அவரிடம் சொன்னது நான்தான். சரி என்று தலையாட்டிவிட்டு, லாரிகள் போகும் வரை காத்திருந்து, சாலையைக் கடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை அந்த மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு நாளிதழில் விளம்பரம் கொடுத்தோம். வாசகம் நான் எழுதியது.